குட்டிகளைச் சாக்கில் கட்ட வேண்டாம், வீடு பார்த்துக் கொடுப்போம்



இந்த முறை சேமலாப நிதியைப் பற்றியோ பிள்ளைகளின் போசாக்கைப் பற்றியோ நான் எழுதவில்லை. பூனைக்குட்டியைப் பற்றி எழுதுகிறேன். "வெல்பெயார் ஐயாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு, தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். ஏனென்றால் இது பிள்ளைகளின் உயிரோடும் உங்கள் நாள் பேரோடும் சம்பந்தப்பட்ட விசயம்.

எங்கள் டிவிசனில் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் யாரோ மூன்று குட்டிகளைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாலு வயதுப் பிள்ளை ஒன்று ஆசையாகத் தூக்கப் போனது. பயந்த குட்டி கையில் கடித்துவிட்டது. தாய்ப் பூனை எது, எந்த லயத்துக் குட்டி, ஒன்றும் தெரியாது. அப்படியிருந்தால் வைத்தியர் ஊசி போடத்தான் சொல்லுவார். அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்குப் போன ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பேர் இல்லை. பஸ் காசு வேறு. போட்டுவிட்டுப் போனவருக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நானும் போட்டவன்தான்

மற்றவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் லயத்துப் பூனை குசினி அட்டாலில் நாலு குட்டி போட்டது. "பசாருக்குக் கொண்டுபோய் மீன் கடைப் பக்கம் விட்டுட்டு வா, நல்லவங்க யாராவது எடுத்துக்குவாங்க" என்று அம்மா சொன்னார். படங்குச் சாக்கில் கட்டி எடுத்துப் போனேன். மீன் கடைக்குப் பின்னால் வைத்து, சாக்கின் வாயை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் ஓடி வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் சாக்கு மட்டும் கிடந்தது. "நீதானா போட்டது? அன்னைக்கு ராவே நாய்ங்க இழுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றார் மீன் கடைக்காரர். இங்கே தாய்ப் பூனை மூன்று நாள் இஸ்தோப்பில் கத்திக்கொண்டே திரிந்தது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

நம் பெரியவர்கள் பூனையைக் கொல்ல மாட்டார்கள். பூனையைக் கொன்றால் தங்கத்தில் பூனை செய்து காசிக்குக் கொண்டுபோனால்தான் பாவம் தீரும் என்று சொல்லுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கொல்லாமல் கொண்டுபோய் விட்டால் பாவம் இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் பிழை. தாய்ப்பால் மறக்காத குட்டியை மழையிலும் குளிரிலும் ரோட்டோரத்தில் விட்டால் என்ன ஆகும்? நம் கை படவில்லை என்பதைத் தவிர வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை.

அப்படியென்றால் வருகிற குட்டி எல்லாவற்றையும் நாமே வைத்துக்கொள்ள முடியுமா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மனிதருக்கே இடம் போதாது. முடியாது. ஆகவே வீடு தேட வேண்டும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

கண்டாவளையிலிருந்து வந்த டெலிபோன்

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளைப் பகுதியில் நமக்குச் சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து போன பல குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறின. தருமபுரம் முதலான இடங்களில் இன்றும் நம் பேச்சைக் கேட்கலாம். என் பெரியப்பா குடும்பமும் அப்படிப் போனதுதான். பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, அங்கே வயல் செய்கிறார்.

2018 டிசம்பரில் பெரும் மழை பெய்து, இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா குடும்பம் பள்ளிக்கூடத்தில் போய் இருந்தது. தண்ணீர் வடிந்து திரும்பி வந்தால் வீட்டுப் பூனை இல்லை. எலிதான் இருந்தது. வளை எல்லாம் தண்ணீர் புகுந்ததால் எலிகள் மேட்டுக்கு ஏறி, வீட்டுக்குள்ளே வந்துவிட்டன. பரணில் தப்பிய நெல் மூட்டையையும் அரித்துவிட்டன. "தம்பி, உங்க பக்கம் குட்டி இருந்தா ரெண்டு அனுப்பு" என்று ஜனவரியில் டெலிபோன் எடுத்தார்.

அப்போது எங்கள் குவாட்டர்ஸ் விறகுக் கொட்டிலில் நாலு குட்டி இருந்தது. வயது நாலு கிழமை. "இப்பவே அனுப்பு" என்றார் அக்கா. "இன்னும் ஒரு மாசம் பொறுங்க" என்றேன். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு சொன்னார்:

"சரி தம்பி. எங்களை இங்கே லொறியில இறக்கி விட்டப்போ எனக்கு ஏழு வயசு. எங்கே போறோம், யாரு வீட்டுல நிக்கப்போறோம்னு ஒருத்தரும் சொல்லல. குட்டிக்காவது எல்லாம் பார்த்து அனுப்பு."

அந்த வார்த்தைக்குப் பிறகுதான் நான் மிருக வைத்தியரிடம் போய் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

எப்போது கொடுக்கலாம்?

பூனைக்குட்டி கண் மூடியபடி பிறக்கிறது. ஒரு கிழமைக்கும் இரண்டு கிழமைக்கும் இடையில் கண் திறக்கும். நாலாவது கிழமையளவில் சோற்றை முகர்ந்து பார்க்கும், நக்கும். அதைப் பார்த்து "சாப்பிடப் பழகிருச்சு, கொடுத்துடலாம்" என்று நினைக்க வேண்டாம். எட்டுக் கிழமை முடியும் வரை தாயோடு இருக்கட்டும். பத்துக் கிழமை என்றால் இன்னும் நல்லது.

காரணம் இரண்டு. முதலாவது, தாய்ப்பாலில்தான் நோயைத் தாங்கும் சக்தி குட்டிக்குக் கிடைக்கிறது. முன்னாடியே பிரித்த குட்டி சீக்கிரம் வயிற்றோட்டம் கண்டு செத்துப்போகும். இரண்டாவது, கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று குட்டி படிக்கிறது. தனியாக வளர்ந்த குட்டி பிள்ளைகளைக் கடிக்கும், பிராண்டும்.

இரண்டாவது கிழமையிலிருந்து ஏழாவது கிழமை வரையான காலம் முக்கியம். அந்தக் காலத்தில் மனிதர் கை பட்ட குட்டிதான் பிறகு வீட்டோடு ஒட்டும். தினமும் கொஞ்ச நேரம் மெதுவாகத் தூக்கி, தடவி, திருப்பித் தாயிடம் விடுங்கள். பெரிய பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் சந்தோசமாகச் செய்வார்கள். செய்து முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். குட்டிகளிடமிருந்து படர்தாமரையும் பூச்சியும் பிள்ளைகளுக்குத் தொற்றலாம்.

பசுப்பால் வைக்காதீர்கள். பூனை என்றால் பால் என்று நமக்குப் பழக்கம். ஆனால் பசுப்பாலில் உள்ள சர்க்கரை பல பூனைகளுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். குட்டிக்கு மீனோ கருவாடோ உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, சோற்றில் பிசைந்து கொடுங்கள். பக்கத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பூச்சி மருந்து எப்போது, எவ்வளவு என்பதை மிருக வைத்தியரிடம் கேளுங்கள். மனிதருக்குக் கொடுக்கிற குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம். பனடோல் பூனைக்கு விசம்.

ஆணா, பெண்ணா?

"பெட்டைன்னா வேணாம்" என்று எல்லோரும் சொல்லுவார்கள். அதனால் கொடுக்கிறவர்கள் சில நேரம் பெட்டையைக் கடுவன் என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அது குட்டி போடும், வாங்கினவர் சாக்கைத் தேடுவார். பொய் சொல்லிக் கொடுத்த வீடு நிலைக்காது.

வாலைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். கடுவனுக்கு இரண்டு துவாரங்களுக்கும் இடையில் இடைவெளி இருக்கும், கீழே உள்ளது சின்ன வட்டமாக இருக்கும். பெட்டைக்கு இரண்டும் நெருக்கமாக, கீழே உள்ளது கோடு மாதிரி இருக்கும். இன்னொரு அடையாளம்: வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்று நிறமும் உள்ள பூனை அநேகமாக எப்போதும் பெட்டைதான். கறுப்பும் செம்மஞ்சளும் சேர்ந்து வருவதற்குத் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒவ்வொரு நிறம் வர வேண்டும். கடுவனுக்கு அந்த நிறம் தாய் வழியில் மட்டும்தான் வரும்.

பெட்டைக்கு ஆள் இல்லாமல் போவதற்குக் காரணம் குட்டிதான். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

யாரிடம் சொல்வது, என்ன கேட்பது?

வாயால் சொல்வதுதான் முதல் வழி. பிரட்டுக்களம், கொழுந்து நிறுக்கிற இடம், கோயில், கடை, எல்லா இடத்திலும் சொல்லுங்கள். எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. போனில் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பலாம். எழுதும்போது இப்படி எழுதுங்கள்:

"நாலாம் நம்பர் லயத்தில் மூன்று பூனைக்குட்டிகள். வயது எட்டுக் கிழமை. கடுவன் ஒன்று, பெட்டை இரண்டு. சோறு தின்னும். பிள்ளைகளோடு பழகியது. வளர்க்க விருப்பமுள்ளவர்கள் வேலை முடிந்து வந்து பார்க்கலாம்."

கேட்கிறவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். பெண் கொடுக்கும்போது நாலு விசயம் விசாரிக்கிறோம் இல்லையா? இதற்கும் ஐந்து கேள்வி போதும்.

1. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? பிள்ளை அழுதது என்று வாங்கிப்போய், மாமியார் திட்டினார் என்று மறுநாள் ரோட்டில் விட்டவர்கள் உண்டு.

2. தினம் சோறு வைப்பது யார்? பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாலு நாள் ஊருக்குப் போனால் யார் வைப்பார்?

3. வீட்டில் நாய் இருக்கிறதா? இருந்தால் பூனையோடு பழகியதா?

4. எலிப் பாசாணம் வைக்கிற வீடா? பாசாணம் தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகும். பூனை வேண்டுமென்றால் பாசாணத்தை நிறுத்த வேண்டும்.

5. பெட்டை என்றால், ஒப்பரேசன் செய்ய ஒத்துக்கொள்கிறாரா?

"எலி பிடிக்க மட்டும்தான்" என்று கேட்பவர்களுக்கும் கொடுக்கலாம், தவறில்லை. பூனையும் மனிதனும் சேர்ந்ததே அப்படித்தான். மேற்காசியாவில் மனிதர் தானியம் சேர்த்து வைக்கத் தொடங்கிய காலத்தில், எலியைத் தேடி வந்த பூனை மனிதரோடு தங்கிவிட்டது. சைப்பிரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுக்கு முந்திய ஒரு புதைகுழியில் மனிதனுக்குப் பக்கத்தில் பூனையையும் புதைத்திருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஆனால் ஒன்றை விளங்கப்படுத்திக் கொடுங்கள். "பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும்" என்பது பிழை. பசித்த பூனை வீட்டை விட்டுப் போய்விடும். வயிறு நிறைந்த பூனையும் எலி பிடிக்கும், அது அதன் குணம். எட்டுக் கிழமைக் குட்டி பெரிய எலியைப் பிடிக்காது, கொஞ்ச மாதம் பொறுக்க வேண்டும்.

அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன். அதுவரை நெல்லைத் தகரப் பீப்பாயில் போட்டு மூடி வையுங்கள், வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் வரும், புண்ணோடு வயலில் இறங்க வேண்டாம், தடுப்பு மருந்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள் என்றேன். எலிக்காய்ச்சலுக்குப் பூனை மருந்தாகாது. இங்கே கான் வெட்டுகிறவர்களுக்கும் இதே புத்திமதிதான்.

கறுப்புக் குட்டி

எங்கள் நாலு குட்டியில் மூன்று நிறப் பெட்டையும் சாம்பல் கடுவனும் கண்டாவளைக்கு என்று முடிவானது. வெள்ளையைக் கடைக்காரர் கேட்டார். கறுப்பை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. "குறுக்க போனா போற காரியம் நடக்காது" என்றார்கள். இங்கிலாந்தின் பல பகுதிகளிலும் ஜப்பானிலும் கறுப்புப் பூனை வந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லுகிறார்கள். ஒரே பூனை, ஊருக்கு ஒரு சகுனம்! அதற்கு நிறம் தெரியாது, பசிதான் தெரியும். கடைசியில் அதை நாங்களே வைத்துக்கொண்டோம். காலையில் நான் வேலைக்குப் போகும்போது தினமும் குறுக்கேதான் போகிறது. இதுவரை என் வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கொண்டுபோவதும் பழக்குவதும்

சாக்கு வேண்டாம். மூச்சு முட்டும். காற்றுத் துவாரம் போட்ட அட்டைப் பெட்டி போதும். தாய் படுத்த பழைய துணி ஒன்றை உள்ளே போடுங்கள், அந்த மணம் இருந்தால் குட்டி அதிகம் கத்தாது. புறப்படுவதற்குச் சற்று முன்னே வயிறு முட்டச் சோறு கொடுத்தால் பஸ்ஸில் வாந்தி எடுக்கும். தூரப் பயணம் என்றால் இடையில் கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள். முடிந்தால் இரண்டு குட்டியைச் சேர்த்துக் கொடுங்கள், ஒன்றுக்கொன்று துணை.

புது வீட்டில் முதல் நாள் ஒரு மூலையில் பெட்டியோடு விடச் சொல்லுங்கள். சோறு ஒரு பக்கம், மண் போட்ட தட்டு ஒரு பக்கம். இரண்டு மூன்று கிழமை வெளியே விடாமல் வைத்திருந்தால் அந்த வீட்டைத் தன் வீடாக எடுத்துக்கொள்ளும். முதல் நாளே வெளியே விட்டால் பழைய வீட்டைத் தேடி ஓடி, வழி தவறிப் போகும். ஒரு கிழமை கழித்து ஒரு தடவை போய்ப் பாருங்கள், அல்லது விசாரியுங்கள். சரிவரவில்லை என்றால் "திருப்பி எங்ககிட்டயே கொடுங்க, ரோட்டில விடாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

தேயிலைக்குள் கிடக்கும் குட்டிகள்

கொழுந்து எடுக்கும்போது தேயிலை மரத்தடியில் குட்டி கிடந்தால் உடனே தூக்கிக் கூடையில் போடாதீர்கள். அது வீட்டுப் பூனைதானா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் புலி என்று நாம் சொல்லும் சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப் பூனை, செம்புள்ளிச் சிறு பூனை என நாலு வகைக் காட்டு இனம் உண்டு. செம்புள்ளிப் பூனை உலகத்திலேயே மிகச் சிறிய காட்டுப் பூனைகளில் ஒன்று, வளர்ந்தாலும் வீட்டுப் பூனையை விடச் சின்னது. குட்டியில் இவை எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருக்கும். தாய் இரை தேடப் போயிருக்கும், திரும்பி வரும். சிறுத்தைக் குட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போது தாய் வந்தால் உயிருக்கு ஆபத்து. எடுத்து வளர்ப்பது சட்டப்படியும் குற்றம். உடம்பில் புள்ளி இருந்தால், சந்தேகம் என்றால், அந்த இடத்தை விட்டு விலகி, கங்காணியிடம் சொல்லி, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

கடித்தால், பிராண்டினால்

விசர் நோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனையாலும் வரும். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தார்கள். தடுப்பூசியால் இந்தத் தொகை மிகவும் குறைந்துவிட்டது. ஆனாலும் நோய்க் குறி வந்துவிட்டால் காப்பாற்றுவது முடியாத காரியம். எனவே கடித்த உடனே ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய், எண்ணெய் பூச வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். நாள் பேரை யோசித்து ஒத்திப்போடாதீர்கள். பூனைக்கு மூன்று மாதமானதும் விசர் தடுப்பூசி போடுங்கள், பிறகு வைத்தியர் சொல்லும் காலத்தில் திரும்பவும் போட வேண்டும்.

கர்ப்பிணித் தாய்மார் பூனையைத் துரத்தத் தேவையில்லை. பூனை மலம் உள்ள மண்ணைத் தொடாமல் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். கைகளையும் மரக்கறியையும் நன்றாகக் கழுவுங்கள், இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

பூனையின் கர்ப்ப காலம் ஏறக்குறைய ஒன்பது கிழமை. வருசத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு நாலு என்றால், ஒரு பூனைக்கு எட்டுக் குட்டி. அதில் பாதி பெட்டை. அவை ஆறு மாதத்துக்குள்ளேயே சினைக்கு வரலாம். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினையாகவும் கூடும். எத்தனை வீடுதான் தேடுவீர்கள்? ஒரு தடவை தாய்க்கு ஒப்பரேசன் செய்தால் அந்தக் கணக்கே முடிந்துவிடும். கடுவனுக்குச் செய்தால் இரவுச் சண்டையும் சுவரில் மூத்திரம் அடிப்பதும் குறையும். நாலு மாதத்திலிருந்து செய்யலாம் என்றாலும் குட்டியின் எடையைப் பார்த்து வைத்தியர்தான் நாள் சொல்லுவார். உங்கள் பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகத்தில் நாளையும் செலவையும் கேளுங்கள். ஒரு லயமாகச் சேர்ந்து நாலைந்து பூனையை ஒரே வாகனத்தில் கொண்டுபோனால் செலவு பங்கு போகும். ஏற்பாடு செய்ய நான் தயார்.

2019 மார்ச்சில் இரண்டு குட்டியையும் பெட்டியில் வைத்து, இரவு பஸ் ஏறி, நானே கண்டாவளைக்குக் கொண்டுபோனேன். அக்கா வாசலில் காத்திருந்தார். பெட்டியைத் திறக்கும் முன் "சாப்பிட்டதா?" என்றுதான் கேட்டார், என்னை அல்ல, குட்டிகளை. மூன்று நிறப் பெட்டைக்குச் சொன்ன சொல் தவறாமல் ஒப்பரேசனும் செய்தார்.

பிறகு ஒரு தடவை போனபோது அந்தப் பெட்டையைக் கூப்பிட்டுப் பார்த்தேன். என்னை யாரென்று அதற்குத் தெரியவில்லை. எழும்பிப் போய் அக்கா மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

உங்கள் லயத்தில் இப்போது குட்டி இருந்தால் சாக்கைத் தேடாதீர்கள். எட்டுக் கிழமை பொறுங்கள், நாலு பேரிடம் சொல்லுங்கள், ஐந்து கேள்வி கேளுங்கள், தாய்க்கு ஒப்பரேசன் செய்யுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நலன்புரி அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். சேர்ந்து தேடுவோம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்